வெள்ளைப் பக்கம்

கூடாரம் என்றால் எனக்கு ஆகாது. முகாமில் ஒரே கூடாரத்துக்குள் நாங்களும் முன்பின் தெரியாத இன்னொரு குடும்பமுமாகக் கிடந்து, மழை வந்தால் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்ற உடம்பு இது. வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, இனி இந்தப் பிறவியில் சீலைக்குக் கீழே படுப்பதில்லை என்று வாய்விட்டே சொன்னேன். அதனால், வெளிநாட்டிலிருந்து வந்த என் தம்பி பெட்டியைத் திறந்து, மடித்தால் தலையணை அளவே வரும் ஒரு பச்சைக் கூடாரத்தை எடுத்து முற்றத்தில் விரித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தம்பி கடைசிச் சண்டை தொடங்குமுன்பே போனவன். அங்கே லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையோடு காட்டுப் பாதைகளில் நடப்பானாம். தண்ணீர் கண்ட இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவானாம்.

"கரண்ட் இல்லை, கக்கூஸ் இல்லை, போனும் எடாது அக்கா. அப்பிடி ஒரு நிம்மதி" என்றான்.

"அந்த நிம்மதியை நாங்கள் கனகாலம் அனுபவிச்சிட்டம் தம்பி" என்றேன்.

அவனுக்குச் சுடவில்லை. பாலைப்பழக் காலம் அது. என் கணவர் வருடா வருடம் அந்த நாட்களில் காட்டுக்குள் போவார். உடைந்து கைவிடப்பட்ட ஒரு பழைய குளத்தடியில் ஓர் இரவு தங்கி, பழம் பொறுக்கிக்கொண்டு மறுநாள் வருவார். இந்த முறை அத்தானோடு தானும் போவதாகத் தம்பி ஒற்றைக்காலில் நின்றான். இவர்களைத் தனியே விட எனக்கு மனமில்லை. ஒருவர் வாய் திறக்கமாட்டார், மற்றவன் வாய் மூடமாட்டான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதையாக நானும் வெளிக்கிட்டேன்.

போகுமுன் சாமான் வாங்க மல்லாவிக்குப் போனோம். தம்பி சிவப்பு றிபன் கேட்டான். மரங்களில் கட்டிக்கொண்டு போனால் திரும்பி வரும்போது வழி தவறாதாம், அங்கே எல்லாரும் அப்படித்தானாம். கடைக்காரர் இடம்பெயர்ந்து பல வருடம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்ட முஸ்லிம் வியாபாரி. என்னை நன்றாகத் தெரியும்.

"என்ன தங்கச்சி, வீட்டில ஆரும் சாமத்தியப்பட்டதோ, சடங்குச் சோடினைக்கோ றிபன்?"

"இல்லை, காட்டைச் சோடிக்கப் போறம்" என்றேன்.

அவர் கத்தரிக்கோலை அப்படியே பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "காட்டுக்குச் சிவப்பையோ கொண்டு போறியள்? மஞ்சளும் கிடக்கு."

"பச்சைக்குள்ள சிவப்புத்தான் பளிச்செண்டு தெரியும்" என்றான் தம்பி. அவர் சிவப்பையே வெட்டித் தந்தார்.

காட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு வீரைமரம், அதன் அடியில் ஒரு கல். அதுதான் பிள்ளையார். உள்ளே போகிற எவரும் ஓர் இலைக்குழையை முறித்துக் கல்லடியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். நாங்களும் வைத்தோம். பிறகு என் கணவர் தம்பிக்கு இரண்டு கட்டளை சொன்னார். யானையை யானை என்று சொல்லக்கூடாது, பெரியவர் என்று சொல்லவேண்டும். ஆளை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, தேவையென்றால் 'கூ' என்று குரலெடுத்துக் கூக்காட்ட வேண்டும். பெயரைக் காடு கேட்டுவிட்டால் பிறகு அது கூப்பிடும் என்பது இங்கத்தைய நம்பிக்கை.

"அப்ப என்னை என்னெண்டு கூப்பிடுவியள் அத்தான்?"

"கூப்பிடத் தேவையில்லாத மாதிரி நட" என்றார்.

அவர் கத்தியோடு முன்னால் போனார். வழக்கம்போல அங்கொன்று இங்கொன்றாகக் குழையை மடக்கி முறித்துவிட்டுப் போனார். அதுதான் எங்கள் வழி அடையாளம். நான் நடுவில். தம்பி பின்னால் றிபன் கட்டிக்கொண்டு வந்தான். கொஞ்சத் தூரம் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சிவப்பை யாரும் மரத்தில் கட்டுவதில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பிய புதிதில், மிதிவெடி கிடந்த காணிகளையும் காட்டோரங்களையும் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தடி நட்டிருந்தார்கள். தடியின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளை தெரிந்தால் நீ வெளியே நிற்கிறாய். சிவப்பு தெரிந்தால் உள்ளே நிற்கிறாய், காலை எடுக்காதே, நின்ற இடத்திலேயே நில். எங்கள் பிள்ளைகள் அ, ஆ படிக்குமுன் இதைப் படித்தார்கள். பிறகு காணிகள் துப்புரவாகி, தடிகளும் போய், அந்தப் பாடமும் பழசாகிவிட்டது. ஆனால் படித்த உடம்பு மறக்குமா?

"தம்பி, உந்த நிறம் வேண்டாம்" என்றார்.

"இது றிபன் அத்தான். சாமத்தியவீட்டு றிபன்."

விருந்தாளியோடு எவ்வளவுதான் வாதாடுவது? அவர் முன்னால் திரும்பி நடந்தார். அதன்பிறகு ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெளியில் தங்கினோம். தம்பி தன் பச்சைக் கூடாரத்தை அடித்தான். இவர் தன்பாட்டில் இரண்டு மரங்களுக்கிடையே தார்ப்பாய்ப் படங்கைக் கட்டினார். மத்தியானம் முழுவதும் பழம் பொறுக்கினோம். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டி, பேசினால் வாய் பிசுபிசுத்தது. தம்பி சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சந்தோசப்பட்டதில் எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு பாலையின் அடியில் கரடி பிறாண்டிய கோடுகள் இருந்தன. மரத்திலிருந்து பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. எந்நேரமும் கத்தும் மயில்கள் அன்று கத்தவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தம்பி அதையும் படமெடுப்பான்.

வெயில் சாய, என் கணவர் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார். நான் அடுப்பு மூட்டித் தேத்தண்ணிக்கு எல்லாம் ஆயத்தமாக வைத்தேன். குளத்துப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது. பெரிய கிளை. பெரியவர் வந்துவிட்டார் என்று தெரிந்தது. என் கணவர் அந்த வழியால் திரும்பமாட்டார், காட்டைச் சுற்றித்தான் வருவார். தெரிந்த காடுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு விறகைத் தள்ளினேன்.

அப்போது ஒரு கூக்குரல் கேட்டது, குளத்துப் பக்கமிருந்து அல்ல, அதற்கு நேர்மாறான பக்கமிருந்து. கொஞ்சநேரம் கழித்து மறுபடியும். வருகிற மனிதனின் சத்தம் கிட்டக் கிட்ட வரவேண்டும். இது வரவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்திலிருந்து, அதே அளவில் கேட்டது. பாம்பு கடித்துவிட்டதென்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த விறகு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

சத்தம் வந்த பக்கம் ஓடினோம். அந்த அவசரத்திலும் தம்பி றிபன் கட்டிக்கொண்டே வந்தான். நான் கண்டபடி ஏசினேன்.

அவர் மரங்களுக்கிடையே நின்றார். விழுந்து கிடக்கவில்லை, இரத்தம் இல்லை. நேராக நின்றார். கையில் கான். நிறையத் தண்ணீர். அவ்வளவு பாரத்தையும் கீழே வைக்காமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"கிட்ட வரவேண்டாம். எனக்குச் சிவப்பு தெரியுது" என்றார்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு றிபனுக்காகவா இவ்வளவு நேரமும் என்னைப் பதறவைத்தார்? தம்பியோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"அது என்ர றிபன் அத்தான், பயப்பிடாதேங்கோ." சொல்லிக்கொண்டே அவரைக் கூட்டிவர நடந்தான்.

"கால் வையாதை" என்றார் என் கணவர்.

அவன் நடந்துகொண்டேயிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் தம்பி இன்னும் றிபனே கட்டவில்லை. கண்ணை இறக்கிப் பார்த்தேன். தம்பி தாண்டிப்போன இடத்தில், புல்லுக்குள், முழங்கால் உயரத்தில் ஒரு தடி. கறையான் பாதி தின்றது. என் பக்கம் பார்த்த முகத்தில் பூச்சு உரிந்து கிடந்தது. உரிந்தாலும் வெள்ளை வெள்ளைதான்.

தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காட்டில் சொல்லக்கூடாத அந்தப் பெயர் மரமெல்லாம் பட்டுத் திரும்பி வந்தது.

என் குரலில் என்ன இருந்ததோ, அவன் நின்றான். ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

"எடுத்த இடத்திலயே வை" என்றார் என் கணவர். பிள்ளைக்குச் சோறூட்டும் குரல். "மெதுவா. எடுத்த இடத்திலயே. ஓம். இனி அசையாதை."

அவன் திரும்பிப் பார்த்துத் தடியைக் கண்டான். என் தம்பியின் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்குமுன் கண்டதில்லை. உதிர்ந்த சருகில் கால் தடம் பதிந்திருக்கவில்லை. வந்த வழியே திரும்பலாம் என்றால், வந்த வழி எது?

நான் அவர்களிடம் போகவேண்டும் என்றுதான் என் கால் எடுபட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அது நின்றது.

"நீ வீதிக்குப் போ. றிபனைப் பிடிச்சுக்கொண்டு போ" என்றார். பிறகு, "இரவில ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதை. விடியட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் கானைக் கீழே வைத்தார், தன் இரண்டு பாதங்களுக்கும் நடுவில்.

அந்த நடையை எப்படி எழுதுவேன்? கடையில் நான் நையாண்டி பண்ணிய அந்த றிபன்தான் இப்போது என் உயிர். பொழுது மங்கிக்கொண்டு வந்தது. மங்கலில் சிவப்பெல்லாம் ஒன்றுதான். இந்தா தெரிகிறதே, இது தம்பி என்னை வா என்று கட்டியதா, யாரோ வராதே என்று நட்டதா? ஒவ்வொன்றையும் எட்டிப் பிடித்துக் கையால் தடவினேன். வழுவழுவென்று துணியாக இருந்தால் அடுத்த அடி வைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன். என் இரண்டு ஆண்களையும் அந்தச் சருகில் விட்டுவிட்டு, காலுக்குக் கீழே என்ன என்று தெரியாமல் நடந்தேன். குளத்துப் பக்கம் இன்னும் கிளை முறிந்துகொண்டிருந்தது. பிள்ளையாரடியில் நாங்கள் வைத்த குழை வாடிக் கிடந்ததைக் கண்டதும்தான் அழுகை வந்தது.

வீதியில் விறகேற்றிவந்த ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை மறித்தேன். காட்டுக்குள் எடாத போனும் அங்கே எடுத்தது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் விடியவே வந்து சேர்ந்தார்கள். அதுவரை வீரைமரத்தடியில் குந்தியிருந்து, வெடிச் சத்தம் கேட்குமோ கேட்குமோ என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்காத ஒவ்வொரு நிமிடமும் கேட்டது மாதிரித்தான் இருந்தது.

வந்தவர்கள் குப்புறப் படுத்து, நிலத்தை விரல் விரலாகத் தடவி முன்னேறினார்கள். தம்பியை முதலில் எடுத்தார்கள். அவன் வந்து என் மடியில் விழுந்தான். இரவு முழுவதும் அத்தான் கதைத்துக்கொண்டே இருந்தாராம், அவன் நித்திரையில் சரிந்துவிடாமல் இருக்க. வாழ்நாளில் என்னோடு அவ்வளவு கதைத்ததில்லை அவர். என்ன கதைத்தார் என்று இருவரும் சொல்லவில்லை.

என் கணவரை எடுக்க மத்தியானமாகிவிட்டது. அவருக்கு முன்னால் ஒன்றும் இருக்கவில்லை. பின்னால் இருந்தது. சிரட்டை அளவில் ஒன்று, பாதி வெளியே தெரிந்தபடி. யானைக்கு விலகிச் சுற்றி வந்தபோது, தடிகள் உக்கிப்போன பக்கத்தால் அவர் உள்ளே இறங்கி, அதை ஒட்டியே நடந்து வந்திருக்கிறார். வந்தவர்களில் ஒருவர் அந்த இடத்தைக் காட்டியபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"காட்டில பேர் சொல்லிக் கூப்பிட்டிட்டாய்" என்றார். அதுதான் முதல் வார்த்தை. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

தம்பி திரும்பிப் போய்விட்டான். கூடாரம் இன்னும் காட்டுக்குள்தான் கிடக்கிறது. யாரும் எடுக்கப் போகவில்லை. இனிக் காடு என்ற பேச்சையே எடுக்கமாட்டான் என்று நினைத்திருந்தேன். போன கிழமை ஒரு படம் அனுப்பினான். அந்த ஊர்க் காடு, ஒற்றையடிப் பாதை, பக்கத்து மரத்தில் வழிகாட்டச் சிவப்புப் பூச்சு. மரத்தில் கை வைத்துச் சிரித்தபடி நிற்கிறான். மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டானாம்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. போனை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கி, மரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மற்றப் பக்கம் என்ன நிறமாம்? கேள்."

கேட்டு அனுப்பினேன். தேத்தண்ணி குடித்து முடியுமுன் பதில் வந்தது. வாசித்துக் காட்டினேன்: ரெண்டு பக்கமும் ஒரே சிவப்புத்தான் அத்தான்.

அவர் போனை வாங்கி மறுபடியும் அந்த மரத்தைப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்கை நிக்கிறானோ வெளியில நிக்கிறானோ எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"