ஏழாம் பாரத்தில் இருந்த புதையல்

போன மாதம் இறந்துபோன என் அண்ணன் ஓர் அச்சகத்தில் பைண்டர். வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம் எழுதினார். சிறுவர்களுக்கான மர்ம நாவல். புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடும் அவர் மகள், ஒரு கதையையாவது கடைசிவரை படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியது.

கதை இதுதான். செத்துப்போன கவிஞர் ஒருவரின் வீட்டில் புதையல் இருக்கிறது. அவருடைய ஒவ்வொரு கவிதையும் ஓர் அறைக்கு வழி காட்டுகிறது. இரண்டு சிறுவர்கள் கவிதை கவிதையாகப் படித்துச் சமையலறைக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே பருப்பு டப்பாவுக்குள் கவிஞர் யாருக்கும் காட்டாத கடைசிக் கவிதை. அதுதான் புதையல்.

வேறு யாரும் தொடக்கூடாது என்று எல்லாப் பிரதிகளையும் அண்ணனே கட்டினார். பைண்டர்கள் எழுத்தைப் படிப்பதில்லை. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். அதன் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து அடுக்குவார்கள். பக்கத்து மேசையில் குழாய் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றும் கட்டுவதற்குக் காத்திருந்தது. அதற்கும் ஏழாம் பாரம்தான் கடைசி.

ஆகவே, நாவலில் சிறுவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவைத் திறந்ததும், அடுத்த பக்கம் இப்படித் தொடங்கியது: ‘தொட்டிக்கு அடியிலுள்ள வளைந்த குழாயை இடப்புறமாகத் திருகிக் கழற்றவும்.’

மகள் கழற்றினாள். அண்ணி எப்போதோ தொலைத்த கம்மல் சேற்றோடு வந்து விழுந்தது.

“இத்தனை நாளா உங்க தங்கச்சிதான் எடுத்திருப்பான்னு நெனச்சேன்,” என்றார் அண்ணி, அண்ணனிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

விஷயம் பரவியதும் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் நாவல் வாங்கினார்கள். ஒழுகாத சமையலறை ஒன்று பாக்கியில்லை. அண்ணன் ஸ்பேனரோடு வீடு வீடாகப் போய், தன் நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துப் பார்த்துக் குழாய்களை மாட்டினார்.

“இது நான் எழுதின முடிவு இல்லம்மா,” என்றார் மகளிடம். “அதுல ஒரு கவிதை கிடைக்குது.”

“இவ்வளவு அலைஞ்சு கடைசியில கவிதையாப்பா? போங்கப்பா. குழாயே நல்லாருக்கு.”

அவருடைய முடிவு கையேடுகளோடு எங்கெங்கோ விற்றுப் போய்விட்டது. அதை யாரும் படித்ததாகத் தெரியாமலே அவரும் போய்விட்டார்.

நேற்றுக் காலை ஒருவர் கதவைத் தட்டினார். பிளம்பராம்.

“நாங்க கூப்பிடலையே,” என்றார் அண்ணி.

“தெரியும்மா. அச்சகத்துல விசாரிச்சு வந்தேன். இந்தக் கையேட்டுல கடைசியில ரெண்டு பசங்க பருப்பு டப்பாவுலேருந்து கவிதை எடுக்குறாங்க. அவங்க யாரு, எதுக்குத் தேடுனாங்க, ஒண்ணும் தெரியல. இப்பல்லாம் வேலைக்குப் போற வீட்டுல கை தானா பருப்பு டப்பாவைத் திறக்குது. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

மகள் கையேட்டை வாங்கி, நின்றபடியே கடைசிவரை படித்தாள். பிறகு உள்ளே போய்த் தன் நாவலை எடுத்து வந்தாள்.

“ஆரம்பம் இதுல இருக்குண்ணா. கடைசிப் பாரத்தை மட்டும் விட்டுடுங்க. அதுல குழாய்தான் வருது.”

“அது இல்லாமத்தாம்மா தொழில்ல தவிச்சிட்டிருக்கேன்,” என்றவர், கையேட்டை அவளிடமே விட்டுவிட்டு நாவலோடு போனார்.

மகள் சமையலறைக்குப் போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்து, கையைவிட்டுத் துழாவினாள். பருப்புதான் இருந்தது. அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.