மாப்பிள்ளை காருக்குள் இருக்கட்டும்

தம்பி இருக்கும் ரொறன்ரோவிலிருந்து நான் இருக்கும் பலேர்மோவுக்கு ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல். ரோமில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். என் கலியாணத்துக்கு முந்திய கிழமை இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தம்பிக்குக் கனடாப் பாஸ்போர்ட் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. வெள்ளி பின்னேரம் ஏறினால் சனி காலை ரோம், மத்தியானத்துக்கு முன் இங்கே. முகூர்த்தம் பின்னேரம். நேரம் தாராளம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வழக்கப்படி மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துவருவது பெண்ணின் சகோதரன். அப்பா வன்னியில் கடைசிச் சண்டையில் போய்விட்டார். எனக்கென்று மிச்சம் தம்பி ஒருவன்தான்.

சனி காலை ரோமிலிருந்து போன் வந்தது. "அக்கா, பாஸ்போர்ட் லைனிலை நிண்டு பிளேனை விட்டிட்டன். பிறகு போறதிலை ஏத்திவிடுறாங்களாம்."

விமான நிலையம் நகரத்துக்கு வெளியே, மேற்கில். நாங்கள் மண்டபம் எடுத்திருந்த பிரான்காச்சோ கிழக்கு அந்தம். இடையில் சனிக்கிழமை நெரிசல். "நீ வா, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

பின்னேரம் மாப்பிள்ளையின் கார் வாசலில் வந்து நின்றது. அவருடைய தாய், என் மாமி, நான் உடுத்துக்கொண்டிருந்த அறைக்குள் வந்தார்.

"பிள்ளை, நேரம் போகுது. உன்ரை பெரியம்மான்ரை பெடியன் நிக்கிறான்தானே, அவன் கழுவட்டுமன்."

"இல்லை மாமி, தம்பி வாறான். அதுவரைக்கும் அவர் காருக்குள்ளை இருக்கட்டும்."

மாமியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மணப்பெண் வாய்காட்டக் கூடாது என்று எனக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் இம்மியும் அசைவதாக இல்லை. மாப்பிள்ளைக்கு நானே போன் எடுத்தேன்.

"சரியா வேர்க்குதப்பா," என்றார்.

"ஏசியைக் கூட்டுங்கோ."

"ஓம், நீர் சொன்னாச் சரி."

இவரைக் கட்டச் சம்மதித்தது நல்ல முடிவுதான் என்று அப்போதே விளங்கிவிட்டது.

யன்னலால் பார்த்தேன். அக்கம்பக்கத்துச் சிசிலியப் பிள்ளைகள் தலைப்பாகையைக் கண்டு கார்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஐயர் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் "வருவான்" என்றேன்.

கடைசியில் ஒரு டாக்சி வந்தது. ஜீன்ஸ் போட்ட ஒருவன் இறங்கினான். சண்டை முடிந்து அடைபட்டிருந்த முகாமிலிருந்து, களவாக ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனோடு அனுப்பியபோது அவன் என் தோளுயரம். அதன்பிறகு போனில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் உட்கார்ந்தபடி, முகத்தை மட்டும். இப்போதுதான் அவன் நடப்பதைப் பார்த்தேன். இடது தோளைக் கொஞ்சம் சரித்து, இவ்வளவு அவசரத்திலும் ஆறுதலாகக் காலெடுத்து வைத்து, தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தான்.

"ஆர் பிள்ளை வாறது?" என்று மாமி கேட்டார்.

தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பா வாறார்," என்றேன்.