ஜார்ஜியா பாட்டிலும் என் திராட்சரசமும்

சித்தூரில் எங்கள் சபையின் திருவிருந்துக்கு இருபது வருஷமாக நான்தான் திராட்சரசம் காய்ச்சினேன். மாசத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் கறுப்புத் திராட்சையைக் கழுவி, சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவேன். அந்தப் பாத்திரத்தில் வேறு எதையும் சமைக்க விடமாட்டேன். எனக்குப் பாட்டும் வராது, பிரசங்கமும் வராது. சபையில் எனக்கிருந்த மரியாதை அந்த ஒரு பாத்திரம்தான்.

ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கும் எங்கள் மகள், போன லீவுக்கு வந்தபோது தன் நைனாவுக்கென்று இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவந்தாள். தேன் நிறம். மண்ணில் புதைத்த பானையில் ஊறினதாம். அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவர் அறிந்த ஒயின் கிறிஸ்துமஸுக்கு நான் ஜாடியில் போடுவது மட்டும். இப்போது ஒரு பாட்டிலைத் திறந்து, ஒரு மூடி அளவு ஊற்றி, டம்ளரை ஆட்டி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "வால்நட் வாசனை வருது பாரு" என்பார். எனக்கு மர பீரோ வாசனைதான் வந்தது.

போனில் வீடியோ பார்த்து மால்டோவா, ஆர்மீனியா என்று நாடு நாடாகப் போனார், கட்டிலைவிட்டு இறங்காமலே. திருப்பதி ஆபீசுக்குப் போகும் ரயில் பாகாலாவைத் தொடுவதற்குள் ஒரு நாட்டை முடித்துவிடுவார். எதிர் சீட்டில் கோயில் வேலைக்குப் போகும் ஐயங்காரைக்கூட விடவில்லை. பாவம், அந்த மனுஷர் ஒரே வாரத்தில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், சபைக் கமிட்டியில் அவர் எழுந்து நிற்கும்வரை. பெண்கள் சங்கத்துக்காக நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "இன்னும் எத்தினி நாளுக்கு இந்தச் சக்கரத் தண்ணிய குடிச்சிக்கினு இருக்கறது? அசல் ஒயின் என் வீட்ல இருக்குது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் இருபது வருஷத்தைச் சர்க்கரைத் தண்ணி என்றது ஊரான் இல்லை, என் புருஷன்.

அடுத்த திருவிருந்துக்கு இரண்டாவது பாட்டில் போனது. ஆயர் ஜெபித்துக் கிண்ணத்தை நீட்டினார். முதலில் குடித்த ரிட்டயர்டு டீச்சர் முகத்தைக் கோணினார். அதைப் பார்த்த மற்றவர்கள் உதட்டை மட்டும் நனைத்தார்கள். கடைசி ஆள் எழுந்தபோது கிண்ணமும் ஜக்கும் அப்படியே நிறைந்திருந்தன.

ஜெபித்ததைக் கொட்டக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். மீந்தால் ஆயர் குடிப்பார். அவரோ அடுத்த ஆராதனைக்குச் சந்திரகிரிக்கு பைக் ஓட்டவேண்டும். "கொண்டாந்தது நீங்கதானே? நீங்களே முடிச்சிடுங்க" என்று என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

பின்னறையில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று குடித்தார். வால்நட் எங்கே போச்சோ! நல்லா வேணும் என்றிருந்தது எனக்கு.

முடித்ததும் கண் கலங்கி என் கையைப் பிடித்தார். "எனக்கு இது மொதல் நாள்லேருந்தே புடிக்கலம்மா. பொண்ணு அவ்ளோ தூரத்துலேருந்து தூக்கிக்கினு வந்தாளே, அதான். உன் ரசம் மாதிரி வருமா!"

மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் கையை விடுவித்துக்கொண்டேன். "குடிச்சிட்டு சொல்றது செல்லாது. அன்னிக்கி நின்ன அதே எடத்துல நின்னு கமிட்டில சொல்லுங்க. அதுவரைக்கும் என் பாத்திரம் அடுப்புல ஏறாது."

அடுத்த கமிட்டியில் எழுந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். குரலே எழும்பவில்லை.

"கேக்கலீங்க" என்றேன், பின்வரிசையிலிருந்து.