கடைசி வாரம் ஜன்னலைச் சாத்தினார்கள்

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டி பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். அதில் ஒன்றில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சொந்த ஊர் திருநின்றவூர். தினமும் ரெண்டு ரயில் மாறி வந்து போக முடியாதென்று, கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சின்னதாக ஒரு வீடு எடுத்து அம்மாவோடு தங்கினேன். வீட்டுக்காரர் பஞ்சாயத்துத் தலைவருக்கு மச்சான் முறை. இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்த ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோ ரூமுக்கு அப்போதுதான் டெலிவிஷன் பெட்டி வந்திருந்தது. சவுக்குக் கழியின் உச்சியில் ஏரியலைக் கட்டி மெட்ராஸ் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். காற்றடித்தால் படத்தில் வருகிறவர்கள் எல்லாம் நெளிவார்கள். அதையும் வாய் பிளந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பொம்மைப் படம் தொடராக வந்தது. ஜப்பான்காரர்கள் வரைந்ததாம், பேச்சு மட்டும் இங்கிலீஷில். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவைத் தேடி ஒரு சிறுமி கரையோரமாகவே நடந்து போகிறாள். கூட இறக்கை ஒடிந்த ஒரு நாரை, வழியில் எதிர்ப்படும் ஒரு கிழவன். இவ்வளவுதான் கதை. ஆனால் ஒரு வாரம் பார்த்தவர்கள் அடுத்த வாரம் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

முதல் வாரம் ஒருத்தருக்கும் பேச்சு புரியவில்லை. எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. அவள் இப்படிச் சொல்கிறாள், கிழவன் அப்படிச் சொல்கிறான் என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மறுவாரம் போனால் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி! தலைவரே எழுந்து, "வாம்மா, நீ வந்தாதான் படமே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கம்பெனி புங்கமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அதே ஊர்தான், ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில் வீடு. அவர் அப்பா அம்மா காலத்தில் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி வேலை, இவர் காலத்தில் கம்பெனி.

"இன்னாம்மா, நேத்து அந்தப் பொண்ணு கெழவன்கிட்ட இன்னா சொல்லிச்சு?"

"நீங்களும் பார்த்தீங்களாக்கா? உங்களை உள்ளே காணலையே."

"பாத்தேன். ஜன்னலாண்ட நின்னுக்கினு. படம் நல்லாத் தெரிஞ்சிச்சு. காதுலதான் ஒண்ணும் உழல."

கூட்டம் அதிகம், அதனால் சிலர் வெளியே நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு கவனித்தேன். உள்ளே விரித்த சமுக்காளத்தில் கால்வாசி காலியாகவே கிடந்தது. வெளியே நின்றவர்கள் எல்லோரும் காலனி ஜனங்கள். ஜன்னல் கம்பியைக்கூடத் தொடக் கூடாதாம், நாலடி தள்ளித்தான் நிற்க வேண்டுமாம். பெட்டி வந்தது சர்க்கார் பணத்தில். அந்தச் சர்க்காருக்கு ஓட்டுப் போட இவர்களைத் தேடி வாய்க்கால் தாண்டி வருவார்கள். படம் பார்க்க மட்டும் நாலடி தள்ளி!

அன்று முதல் ஜன்னல் பக்கமாகத் திரும்பித் தொண்டை கிழியச் சொல்ல ஆரம்பித்தேன். "பக்கத்துலதானே கீறோம், ஏம்மா இப்டி கத்தறே?" என்று உள்ளேயிருந்து முனகினார்கள். கத்தியும் பாதிதான் வெளியே போனது, மீதியைக் கடல் காற்று கொண்டுபோனது. அதனால் திங்கட்கிழமை மத்தியானம் புங்கமரத்தடியில் முழுக் கதையையும் இன்னொரு தடவை சொல்வேன். சொல்வது மட்டுமா? எது நன்றாக இருந்தது, எது சொதப்பல் என்று ஒரு பெரிய விமரிசனமே நடக்கும். இரண்டாவது ஷிப்டுக்கு வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த அக்காவுக்கும் எனக்கும் எதிலும் ஒத்துப்போகாது. நாரை பேசுவதாகக் காட்டுவது சிறுபிள்ளைத்தனம் என்பேன். "அது எங்கம்மா பேசுது? வாயையே தொறக்கல. அந்தப் பொண்ணுதான் ரெண்டு கொரல்ல பேசிக்கினு போவுது. தனியா போறவளுக்குப் பேச ஆளு வேணாவா?" என்பார். கிழவன் நல்லவன் என்பேன், திருட்டு முழி என்பார். அதில் அவர் தோற்றார், கிழவன் கடைசிவரை நல்லவனாகவே இருந்தான். எங்கள் பெரிய சண்டை நாரையைப் பற்றி. இறக்கை சரியானதும் அது பறந்து போய்விடும் என்று நான் அடித்துச் சொன்னேன். "போவும். போயிட்டுத் திரும்பி வரும். பாத்துக்கினே இரு" என்பார் அவர். வாராவாரம் இதே சண்டை.

அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகை, டெலிவிஷன் நிகழ்ச்சிகளைப் பற்றி வாசகர்கள் விமரிசனம் எழுதலாம் என்று அறிவித்திருந்தது. உட்கார்ந்து எழுதினேன். படத்தைப் பாராட்டினேன். நாரை பேசுவதைப் பற்றி அக்கா சொன்னதை, ஒரு தொழிலாளிப் பெண்ணின் கருத்து என்று அப்படியே போட்டேன். கடைசியில், இவ்வளவு நல்ல படத்தை எங்கள் ஊரில் பாதிப் பேர் சமுக்காளத்திலும், மீதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே நாலடி தள்ளி நின்றும் பார்க்கிறார்கள், பெட்டி பொது, தரை மட்டும் பொது இல்லை என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து வெளிவந்தது. என் பெயர் இருந்தது, ஊர் பெயர் இருந்தது, பாராட்டும் இருந்தது. அக்கா சொன்ன கருத்தைக் காணோம். கடைசி வரி இப்படி இருந்தது: "எங்கள் கிராமத்தில் எந்த வேறுபாடுமின்றி அனைவரும் ஒன்றாக அமர்ந்து இத்தொடரைக் கண்டு களிக்கிறோம்."

கண்டு களிக்கிறோமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் குப்பையில் போட்டிருக்கலாம். வெட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் சொன்னதற்கு நேர் எதிரானதை என் பெயரிலேயே போட அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

புங்கமரத்தடியில் யாரோ அதைச் சத்தமாகப் படித்துவிட்டார்கள். அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஒண்ணா உக்காந்தோமா? எப்போ? நம்பளுக்குச் சொல்லவே இல்ல?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என் முகத்தைப் பார்த்தார்.

"நீ எழுதிருக்க மாட்டே. நீ எழுதிருந்தா அதுல கோவம் இருக்கும். இது மழமழன்னு கீது."

அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லாவிட்டால் அன்று நான் வேலையை விட்டே ஓடியிருப்பேன்.

ஊரில் வேறு கூத்து நடந்தது. தலைவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு டெலிவிஷன் பெட்டிக்கு மேலேயே மாட்டிவிட்டார். வருகிற அதிகாரிகளிடமெல்லாம் காட்டினார். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பெண் என்று என்னைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கோடு வாழைப்பழம் வேறு கொடுத்தார். அந்தப் பழத்தை வழியிலேயே ஆட்டுக்குப் போட்டேன்.

தொடரின் கடைசி வாரம் வந்தது. அன்று காலனியிலிருந்து வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். அக்கா தலை பின்னி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னிக்குத் தெரிஞ்சுபூடும், யாரு ஜெயிக்கிறதுன்னு" என்றார். நான் நேராகத் தலைவரிடம் போனேன்.

"ஐயா, இன்னிக்குக் கடைசி. உள்ளே இடம் இருக்கு. வெளியே நிக்கறவங்க வந்து உட்காரட்டும்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். பெட்டிக்கு மேல் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார்.

"இன்னாம்மா நீ, பேப்பர்லயே போட்டுட்டான், எல்லாரும் ஒண்ணாதான் பாக்கறோம்னு. அதுவும் நீ எழுதுனது. இதுக்கு மேல இன்னா ஒண்ணா பாக்கணும்?"

உள்ளே எல்லோரும் ஏதோ பெரிய நகைச்சுவையைக் கேட்ட மாதிரி சிரித்தார்கள். மடக்கு நாற்காலியை எடுத்தேன், மடக்கினேன், வெளியே போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டேன். காலனி ஜனங்களைக் கம்பி வரைக்கும் கிட்ட வரச் சொன்னேன். முதலில் தயங்கினார்கள். அக்காதான் முதலில் வந்து கம்பியைப் பிடித்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

படம் ஆரம்பித்தது. நான் அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இன்னா சொல்றான்? ஏம்மா, உள்ள வந்து சொல்லும்மா!"

"வெளியே வந்து கேளுங்க. இங்கே எல்லாருக்கும் இடம் இருக்கு" என்றேன்.

ஒருத்தர்கூட வரவில்லை. தலைவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம், "காத்து அடிக்குது பாரு, ஜன்னல மூடு" என்றார். ரெண்டு ஜன்னலையும் சாத்தினார்கள். எங்கள் முகத்துக்கு நேராகப் பலகைக் கதவு வந்து மோதியது. வாசலில் ஒருவன் குறுக்கே நின்றுகொண்டான்.

ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் பலகையில் காதை வைத்தேன். பேச்சு லேசாகக் கேட்டது. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அப்பா கிடைத்துவிட்டார். படகு உடைந்து வேறொரு கரையில் ஒதுங்கி, அங்கேயே படகுகளுக்கு விளக்குக் காட்டும் வேலையில் இருந்திருக்கிறார். மகள் அழுகிறாள், வீட்டுக்கு வா என்கிறாள். வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் நாரையை விட்டுவிடு என்கிறார். அதற்குக் குணமாகி ரொம்ப நாளாகிறது, நீதான் இறக்கைக் கட்டை அவிழ்க்காமல் வைத்திருக்கிறாய் என்கிறார்.

அப்புறம் பேச்சு நின்றது. வெறும் வாத்தியம். ரொம்ப நேரம் வாத்தியம் மட்டும்.

"இன்னா ஆச்சு?" என்றார் அக்கா.

"தெரியலைக்கா. பேச்சே இல்லை."

உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் 'ஆ' என்றார்கள். குழந்தைகள் கை தட்டின. அவ்வளவுதான், படம் முடிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர்கள் எங்களைப் பார்க்காமல் நடந்து போனார்கள். நாரை போனதா, வந்ததா என்று ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மறுநாள் புங்கமரத்தடிக்கு, ஊருக்குள்ளிருந்து பேக்கிங் வேலைக்கு வரும் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். அவளும் முந்தின நாள் உள்ளே உட்கார்ந்து பார்த்தவள். என்னைக் கேட்கக் கூச்சம்போல, அக்காவைக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எதுக்கு அப்டி அழுதிச்சு? அப்பாதான் கெடச்சிட்டாரே?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

"மொதல்ல நீ சொல்லு. நாரை இன்னா ஆச்சு?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னாள். "கட்டை அவுத்து உட்டதும் பறந்து பூடுச்சு. கண்ணுக்கே தெரியல. அப்புறம் திரும்பி வந்து அவங்க படகு மேலயே குந்திக்கிச்சு."

அக்கா, படத்துச் சிறுமி எதற்கு அழுதாள் என்பதை அந்தப் பெண்ணுக்கு, மரத்தடி முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அன்றைய விமரிசனம் அவருடையது. முடித்துவிட்டுத் தூக்குச் சட்டியை மூடும்போது என்னைப் பார்த்தார்.

"நான் மொத நாள்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன், அது திரும்பி வரும்னு. வந்திச்சு. அத்தப் பாக்கத்தான் எனக்குக் குடுத்து வெக்கல."

கொடுத்து வைப்பதாவது! மழை பெய்து கரண்டு போய் அவர் பார்க்காமல் போயிருந்தால் அப்படிச் சொல்லலாம். சாத்தச் சொன்னவர் யார், சாத்தியவன் யார், உள்ளே உட்கார்ந்து பேசாமல் இருந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்றிரவே இதையெல்லாம் எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். கடைசி வாரத்தின் விமரிசனம் என்றே தலைப்புக் கொடுத்தேன். போடவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார், உறவுக்காரர்கள் வருகிறார்களாம். காலி செய்துவிட்டுத் திருநின்றவூரிலிருந்தே ரெண்டு ரயில் மாறி வந்து போனேன். மத்தியானச் சாப்பாடு மட்டும் அந்த அக்காவோடுதான்.

இப்போது என் வீட்டில் ஆளுக்கொரு திரை இருக்கிறது. பேரப் பிள்ளைகள் ஜப்பான் பொம்மைப் படங்களை வந்த அன்றே பார்த்துவிட்டு, அதைப் பற்றி உலகத்துக்கே விமரிசனம் எழுதுகிறார்கள். நானும் படிக்கிறேன், நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எதிலாவது 'எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம்' என்று ஒரு வரி கண்ணில் பட்டால், அன்று ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போக என்னால் இன்றும் முடிவதில்லை.