தொடர் முடிந்த பிறகு வந்த கை

நீங்கள் பொய் சொல்கிறீர்கள். ‘எங்கள் பெட்டகத்திலிருந்து’ என்று எழுத்துப் போட்டு ஒரு பழைய தொடரை மறுபடி ஒளிபரப்பி முடித்தீர்களே, அது உங்கள் பெட்டகத்தில் இருந்ததே இல்லை. கடைசிப் பகுதியில் பெயர்கள் ஓடி முடிந்ததும் இரண்டு விநாடி ஒரு கை தெரிந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை, வாழையிலையில் ரசம் ஊற்றியது. வெட்ட மறந்துவிட்டீர்கள். உங்கள் தொடரில் வந்த பங்களாப் பெண்கள் யாரும் பந்தியில் ரசம் ஊற்றவில்லை. அது எங்கள் ஊர்க் கை.

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில் டிபன் கடை வைத்திருக்கிறேன். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கை கேபிள்கார அண்ணனுடைய மனைவியின் கை. அந்த அக்கா இறந்து பல வருடங்கள் ஆகின்றன.

அப்போது நான் ஆந்திராவில், குப்பம் பக்கத்து ராமகுப்பத்தில் இருந்தேன். ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்கு வேலை தேடிப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் குவைத்துக்கு டிரைவராகப் போயிருந்தார். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. குத்தகைக்கு எடுத்த மல்பெரித் தோட்டத்தை நம்பித் தனியாகப் பட்டுப்புழு வளர்த்தேன். ஊருக்குக் கேபிள் புதிதாக வந்த நேரம். தெலுங்கு ஊரில் தமிழ் சேனலுக்குத் தனியாக ஒரு டிஷ் எதற்கு என்று அண்ணனைப் பலரும் கேலி செய்தார்கள். எங்கள் தெருவின் தமிழ் வீடுகளுக்காக அவர் அதை வைத்தார்.

பட்டுப்புழு வளர்ப்பவளுக்கு டிவி பார்க்க நேரம் இருக்காது. நாலாவது தோலை உரித்த பிறகு புழு இரவு பகலாகத் தின்னும். ஒரு வாரத்துக்கு இலை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கதை போய்விடும். அண்ணன் அதற்கு ஒரு வழி செய்தார். தினமும் தொடரைக் கேசட்டில் பதிவு செய்து, அழிக்காமல் வைத்தார். கம்பத்தில் ஏறி ஒயர் கட்டும்போதே கீழே போகிற பெண்களிடம், “இன்னாம்மா, உங்க புழு தோலு உரிச்சிடுச்சா?” என்று கேட்டுவைத்துக்கொள்வார். தெருவில் கடைசி வீட்டுப் பட்டுக்கூடும் சந்தைக்குப் போன பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தவறிப்போன ஒரு வாரக் கதையையும் கேபிளில் மொத்தமாகப் போடுவார். மறு ஒளிபரப்பு என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். வேலையில் இருந்தவளுக்காகக் காத்திருந்து போடுவது.

நான் பார்த்த கதையைக் குவைத்துக்குக் கடிதத்தில் எழுதுவேன். எழுத வேறு என்ன இருந்தது? அழுதேன் என்று எழுத முடியாது. கதாநாயகி அழுதாள் என்று எழுதலாம்.

கடைசிப் பகுதி வந்த அன்றைக்கு என் புழு எல்லாம் ஒன்றாகப் பழுத்து நூல் விட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் கூடு கட்டுகிற தட்டில் விட வேண்டும், நகர முடியாது. கம்பத்தின் மேல் இருந்த அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். “அண்ணா, கடைசிக் கதை எனக்கு வேணும். ஊட்டுக்காரருக்கு எழுதணும்!” மேலே இருந்தபடியே சொன்னார்: “நீ போய்ப் புழுவப் பாரு. கதை எங்கயும் ஓடிப்போவாது.”

சொல்லிவிட்டார், ஆனால் வீட்டில் வெறும் கேசட் ஒன்றும் இல்லை. மகளின் கல்யாணக் கேசட்டை எடுத்துப் பந்தி வருகிற இடத்தில் நிறுத்தி அதன்மேல் பதிவு செய்திருக்கிறார். அக்கா பிடித்த சண்டையை அக்காவே மறுநாள் எனக்கு நடித்துக் காட்டினார். “ஊரு பொம்பளைங்க அழறதுக்கு நம்ப பொண்ணு கல்யாணத்த அழிக்கிறியா? உனுக்கு அறிவுகீதா?” அதற்கு அண்ணன், “பந்திதானே! துன்னவங்களே மறந்துட்டாங்க, எவன் பாக்கப்போறான்?” என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அக்காவும் உட்கார்ந்து பார்த்தார். கதாநாயகிக்கு நல்ல காலம் வந்து தொடர் முடிந்தது. உடனே, அழியாமல் மிச்சம் இருந்த பந்தி ஓட ஆரம்பித்தது. முதலில் அக்காவின் கை, பிறகு சிரித்த முகம், பிறகு வரிசையாக எங்கள் தெரு. “டேய், நைனாவப் பாருடா, ரெண்டு வடைய ஒளிச்சிக்கினு கீறாரு!” என்று பக்கத்து வீட்டில் கத்தினார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் ஊர் கடைசிக் கதையைக் கேட்கவில்லை. பந்தியை மறுபடி போடச் சொன்னது.

பழைய தொடர்களை ஏன் மறுபடி மறுபடி போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். புதிதாக எடுக்கத் துப்பில்லை. பழையதற்கு ஆள் தயாராக இருக்கிறது. நாங்கள் ஏன் பார்க்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கதையைப் பார்த்தபோது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்கிறோம். குவைத்திலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் இப்போதுதான் முதல் தடவையாக அந்தத் தொடரைப் பார்த்தார். “நீ எழுதினது இதவிட நல்லா இருந்துச்சே” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக உங்களுக்கும் நன்றி. மறைக்கவில்லை.

மறுபடி போடுவதற்கு முன்னால், இந்தத் தொடரின் பதிவு உங்களிடம் அழிந்துபோயிருந்தது. ‘வைத்திருப்பவர்கள் தொடர்புகொள்ளவும்’ என்று உங்கள் சேனலில் எழுத்து ஓடியது. திருப்பதியில் மகளோடு இருக்கும் அண்ணனிடம் போய், கொடுங்கள் என்று வற்புறுத்தியவள் நான்தான். உங்கள் ஆள் வந்து எல்லாக் கேசட்டையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் காசு கேட்கவில்லை. “பத்திரம் தம்பி, அதுல கல்யாணம் கீது. அத மட்டும் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, எங்க கேசட்டு மிசினு செத்துப்போச்சு” என்றார். ஒரே மாதம் என்றார் உங்கள் ஆள். பெயரும் திரையில் வரும் என்றார். தொடர் முழுதும் ஓடி முடிந்துவிட்டது. பெயரும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

அண்ணனுக்குக் கோபம் இல்லை. “வுடும்மா, அவ கைய ஊரே பாத்துச்சில்ல” என்கிறார். சொல்லிவிட்டு, அந்த இரண்டு விநாடி மறுபடி வருமா என்று என்னைக் கேட்கிறார். எனக்காக அந்தக் கேசட்டில் பாதியை அழித்தவர் அவர். மிச்சப் பாதியையும் நான் பேசி அனுப்பிவிட்டேன். அக்கா நடந்து, சிரித்து, பரிமாறுகிற படம் உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

கேசட்டைத் திருப்பிக் கொடுங்கள். அதோடு விடமாட்டேன். எந்தத் திரையில் ‘எங்கள் பெட்டகம்’ என்று போட்டீர்களோ, அதே திரையில், அதே நேரத்தில், ஊரே பார்க்கும்படி சொல்லுங்கள்: ரசம் ஊற்றிய அந்தக் கை யாருடையது என்று.