டிராக்டரில் ஏறிய படகு பேட்டரி

தகரக் கொட்டகையில் கை மெஷினை வைத்துச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தவன், பீளமேட்டில் சொந்தப் பட்டறை கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் போதும் என்று விட்டுவிட்டோம். அப்படியிருந்தும் லாரி பேட்டரிகளுக்கு சார்ஜர் செய்தேன். உக்கடத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் எந்த பேட்டரிக் கடைக்குள் நுழைந்தாலும் மூலையில் உறுமிக்கொண்டு கிடப்பது என் சார்ஜராகத்தான் இருக்கும். பவர்கட் காலத்தில் ஊரெல்லாம் பட்டறைக்குப் பூட்டுப் போட்டபோது, நான் அந்தப் பவர்கட்டை வைத்தே இன்வெர்ட்டர் செய்து பிழைத்தேன். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வாங்கினேன். யானை வந்து மரத்தைச் சாய்க்கும், நான் நடுவேன், மறுபடி சாய்க்கும், மறுபடி நடுவேன். இன்னும் ஆட்டம் முடியவில்லை. மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன். அவன் இன்னொரு இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆக வீட்டில் இரண்டு இன்ஜினியர்கள். ஃபேன் நின்றுபோனால் ஸ்டூல் போட்டு ஏறுவது நான்தான்.

இத்தனையும் செய்தவன் கடைசியில் கடலுக்கும் ஒன்று செய்தேன். கோயம்புத்தூரில் கடல் இல்லை என்பது எனக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருமகள் வந்ததும் பட்டறையின் முன்பாதியைக் கேட்டாள். கொடுத்தேன். கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி மாட்டி, அதற்கு லேப் என்று பெயர் வைத்தாள். அங்கே எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லித்தியம் பேட்டரி கட்டுகிறார்கள். மகன் விளம்பரம் பார்க்கிறான். பின்பாதியில் நான். என் பாதியில் வேலை நடந்தால் தெருமுனைக்குக் கேட்கும். அவள் பாதியில் வேலை நடக்கிறதா இல்லையா என்று உள்ளே போய்ப் பார்த்தால்கூடத் தெரியாது.

ஒருநாள் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ராமேஸ்வரம் பக்கத்துக்காரர், சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறார். மகளைப் பீளமேட்டில் காலேஜ் ஹாஸ்டலில் விட வந்தவர், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று எங்கள் போர்டைப் பார்த்து நுழைந்திருக்கிறார். வெயிலில் வெந்த முகம். ஏசியில் உட்காரச் சொன்னதும் நடுங்கினார். நான் என் பாதிக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இதையும் யாராவது எழுதி வைத்தால் தேவலை.

"படகுல பேட்டரி ஒரே செட்டுதான்ணே. இஞ்சினை ஸ்டார்ட் பண்றதும் அதுதான். ஜிபிஎஸ்ஸு, மீன் பாக்குற எக்கோ, வயர்லெஸ்ஸு எல்லாம் அதுலதான். இஞ்சினை எழுப்ப செல்ஃப் அடிச்சா ஜிபிஎஸ் செத்துப்போகுது."

"செல்ஃப் மோட்டாரு கரண்டை ஒரே மடக்குல குடிச்சுப்போடுமுங்க. வோல்ட் எறங்கிரும். மத்ததெல்லாம் பட்டினிதான்" என்றேன்.

"போன சீசன்ல வலையை ஏத்திட்டு செல்ஃப் அடிச்சேன். ஜிபிஎஸ் திரை கறுப்பாப் போச்சு. இஞ்சினும் லேசுல புடிக்கல. மழை மூட்டம், திசை தெரியல. நீவாடு, அதான் கடல் நீரோட்டம், படகை இழுக்குது. அது திரும்ப முழிச்சுப் பாக்குறப்போ, எல்லைக் கோடு நமக்குப் பின்னால கெடக்கு."

டீயைக் கீழே வைத்தார்.

"திருப்பி ஓடியாந்துட்டோம்ணே. அந்தப் பக்கத்து நேவி ரோந்துல பாக்கல. பாத்திருந்தா நானும் என்கூட வந்தவங்களும் அங்க ஜெயில்ல. படகு அங்க மணல்ல மக்கிப் போயிருக்கும். இப்ப மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில நிக்குது. தடை முடிஞ்சு எறங்குறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி வேணும். இல்லேன்னா என்னோட ஆளுகளே வர மாட்டோம்னுட்டாங்க."

அவரைத் திரும்ப ஏசிக்குள் கூட்டிப்போனேன்.

மருமகள் வெள்ளைப் பலகையில் எழுதினாள்: எக்கோ எவ்வளவு தின்னும், ஜிபிஎஸ் எவ்வளவு, வயர்லெஸ் எவ்வளவு, இஞ்சினை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் கடலில் கிடப்பார்கள். கூட்டினாள். கூட்டியதற்கு மேல் பாதியளவு சேர்த்தாள். கல்யாணப் பந்திக்கு அரிசி போடும்போது என் வீட்டம்மாவும் அதைத்தான் செய்வாள். அதற்கு வெள்ளைப் பலகை கேட்டதில்லை.

படகுக்காரர் மேஜையில் கிடந்த ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கிப் பார்த்தார். "இதையே குடுத்துரும்மா. பஞ்சு மாதிரி இருக்கு."

"அது வேண்டாங்கண்ணா. அது ஒரு வகை லித்தியம், சூடு ஏறுனா கோவம் வந்துரும். ஸ்கூட்டர்ல பத்திக்கிட்டா எறங்கி ஓடிரலாம். நடுக்கடல்ல, அடியில டீசல் டேங்க்கு, எங்கீங்க ஓடுவீங்க? உங்களுக்கு இரும்பு பாஸ்பேட் வகை போடறோம். கனம் கூட, கோவம் கம்மி."

"என்னைய மாதிரின்னு சொல்லு அம்மணி" என்றேன்.

"கனம் மட்டுங்க மாமா."

படகுக்காரர் சிரித்துவிட்டார். விருந்தாளி முன்னால் விட்டுக்கொடுத்தேன்.

அடுத்தது சார்ஜர். படகு துறைமுகத்தில் நிற்கும்போது கரைக் கரண்டில் சார்ஜ் போட ஒன்று வேண்டும். அதில் என்ன யோசனை, பின்பாதியில் என் சரக்கு அடுக்கிக் கிடக்கிறதே என்றேன்.

"உங்க சார்ஜர்ல பூஸ்ட் சுவிட்ச் இருக்குதுங்களே மாமா, ஈய பேட்டரிக்கு அது டானிக். லித்தியத்துக்கு வெஷம். வோல்ட் அளவு தாண்டுச்சுன்னா, உள்ள காவலுக்கு ஒரு போர்டு இருக்குது, அது கதவைச் சாத்திரும். லித்தியத்துக்குன்னே செஞ்ச சார்ஜர்தான் வேணுமுங்க."

ஆக, இத்தனை வருஷமாக நான் ஊருக்கெல்லாம் டானிக் ஊற்றியிருக்கிறேன். நல்லது. அவள் இன்டர்நெட்டில் ஒரு சார்ஜரைத் தருவித்தாள். டிபன் டப்பா அளவு, எடையே இல்லை. சார்ஜர் என்றால் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கை வைத்துக்கொள்ளவும் இப்போது இன்ஜினியர் பட்டம் வேண்டுமாம்.

ஊருக்குப் போன படகுக்காரர் எக்கோவையும் ஜிபிஎஸ்ஸையும் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். சோதனை எங்கே செய்வது? தண்ணீர் வேண்டும், ஆழம் வேண்டும். தொண்டாமுத்தூர் தோப்பிலிருக்கும் என் கிணறு என்று முடிவாயிற்று. கடலுக்குப் போகிற பொருளைக் கிணற்றில் விட்டுப் பார்க்க எங்கள் ஊர் ஆட்களால்தான் முடியும். மருமகளும் மகனும் பம்ப் ரூமில் சார்ஜரைச் சொருகி, பேட்டரியை வைத்து, தண்ணீருக்குள் பார்க்கிற எக்கோவின் கண்ணைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள்.

திரை நிறைய மீன். மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக, கூட்டம் கூட்டமாக.

"அண்ணே, கெணத்துல இம்புட்டு மீன் வச்சுக்கிட்டு எதுக்குண்ணே தேங்காய் விக்கிறீங்க?" என்றார் படகுக்காரர்.

"சொன்னா எல்லாரும் வலையைத் தூக்கிட்டு வந்துருவாங்கங்க."

மருமகள் சார்ஜரை நிறுத்தினாள். மீனெல்லாம் மறைந்தது. அடியிலிருக்கும் பாறை மட்டும் தெரிந்தது. "மலிவு சார்ஜர் மாமா. அது போடற எரைச்சல் வயர் வழியா வந்து திரையில மீனாத் தெரியுது" என்றாள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே ஃபில்டர் வைத்த, தண்ணீர் புகாமல் மூடிய வேறொன்றைத் தருவித்தாள். அதைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புது சார்ஜரில் கிணறு கிணறாகவே தெரிந்தது. பாதி நாள் ஓடவிட்டும் ஜிபிஎஸ் அணையவில்லை. இனிப் படகில் மாட்ட வேண்டியதுதான் என்றார்கள். நடுக்கடலில் எப்படி சார்ஜ் ஏறும் என்று படகுக்காரர் கேட்டார். பழைய பேட்டரிக்கும் புதுசுக்கும் இடையே வயர் இழுத்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால், இஞ்சின் ஓடும்போது டைனமோ இரண்டையும் நிரப்பிவிடும் என்றாள் மருமகள். மகன் செல்போனில் படம் எடுத்தான். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"அம்மணி, இதுல செல்ஃப் எங்க?" என்றேன்.

"எதுலைங்க மாமா?"

"கெணத்துல."

"கெணத்துக்கு எதுக்குங்க மாமா செல்ஃப்?"

"படகுக்கு இருக்குதல்ல? அந்த மனுசனோட சீக்கே செல்ஃப் அடிக்கறப்ப வாரதுதான். நீங்க அதை அடிக்காமயே கொணமாயிருச்சுங்கறீங்க."

"கணக்குப் போட்டுப் பாத்துட்டம்பா" என்றான் மகன்.

"அப்பக் கணக்கையே படகுல ஏத்தி அனுப்பு சாமி."

தோப்பில் என் டிராக்டர் நின்றது. டீசல் இஞ்சின், செல்ஃப் மோட்டார், டைனமோ, நெஞ்சுக்கூடு ஆடுகிற ஆட்டம். உப்புக்காற்றைத் தவிர படகிலிருப்பதெல்லாம் அதிலும் இருக்கிறது. புது பேட்டரியை அதில் கட்டி, டிராக்டர் பேட்டரியோடு அவள் சொன்னபடியே வயர் கொடுத்து, ஜிபிஎஸ்ஸை ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். மாமனார் மனசு கோணக்கூடாது என்பதற்காக மாட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, டிராக்டர்ல என்னுங்க டிவி?"

"மீன் புடிக்கப் போறமுங்க."

"தோப்புக்குள்ளைங்களா?"

"ஆமாங்க. யானை வந்தாச் சொல்லுங்க, அதையும் புடிச்சுக்கலாம்."

ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தேன். ஜிபிஎஸ் கறுத்துப் போனது.

படகுக்காரர் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதேதாண்ணே. அன்னைக்கும் இதேதான்" என்றார். பிறகு டிராக்டர் டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று வாயைத் திறக்கப்போனவன், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மருமகளும் தரையில் உட்கார்ந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள். சீக்கிரமே எழுந்தாள். "சேத்துக் கட்டுனது தப்புங்க மாமா. செல்ஃப் மோட்டார் ரெண்டு பேட்டரியிலயும் உறிஞ்சுது. இவ்வளவு கரண்டான்னு காவல் போர்டு பயந்து கதவைச் சாத்திருச்சு. ஸ்கூட்டருக்குப் போர்டை மீறிக் கரண்ட் கேக்கற செல்ஃபே கெடையாதுங்களா, அதனால எனக்குத் தோணவே இல்லை."

தப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் கேட்டது அபூர்வம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாம் என்று ஆசையாக இருந்தது.

அதற்கு மேல் நடந்தது அவள் கெட்டிக்காரத்தனம். இரண்டு பேட்டரிகளுக்கும் இடையிலிருந்த வயரை அறுத்தாள். அந்த இடத்தில் பேட்டரியிலிருந்தே பேட்டரிக்கு ஏற்றுகிற சின்ன சார்ஜர் ஒன்றை வைத்தாள். இஞ்சின் ஓடினால்தான் அது கதவைத் திறக்கும். லித்தியத்துக்குத் தேவையான வோல்ட்டை மட்டும் அளந்து ஊற்றும். செல்ஃப் அடிக்கும்போது லித்தியம் பக்கத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட இஞ்சின் பக்கம் போகாது. லித்தியம் இனி ஜிபிஎஸ், எக்கோ, வயர்லெஸ்ஸுக்கு மட்டும். இஞ்சினோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

மறுபடி டிராக்டர். இந்தத் தடவை படகுக்காரர் ஒரு வேலை செய்தார். என் தோப்பு வேலியை எல்லைக் கோடாக ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்தார். நான் தென்னை வரிசைக்கு வரிசை உழுதுகொண்டே போனேன். திருப்பத்துக்குத் திருப்பம் இஞ்சினை நிறுத்தி செல்ஃப் அடித்தேன். திரை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வேலியை நெருங்கும்போதெல்லாம் கூவியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், தன் எல்லைக்குப் பக்கத்தில் போனாலே கத்துகிற மிஷினை நான் வாங்கியிருப்பதாக ஊரெல்லாம் சொல்லி, ஒருவாரம் என்னோடு பேசவில்லை.

"இன்னும் ஒரு தடவ அடிங்கண்ணே" என்று படகுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். டிராக்டர் பேட்டரி இனி முடியாது என்று முனகும் வரை அடித்தேன். அப்புறம்தான் அவர் எல்லாவற்றையும் படகுக்குக் கொண்டுபோகத் துணிப்பையை எடுத்தார்.

தடை முடிந்து படகுகள் இறங்கிய நாளில் எங்கள் வீட்டில் எல்லோரும் வேலை பார்ப்பதுபோல இருந்தோம். மருமகள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை, என் போன் சட்டைப்பையில்தான் இருந்தது, நான் கையை அதன்மேல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். மறுநாள் அழைப்பு வந்தது எனக்குத்தான், அவளுக்கல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, கரைக்கு வந்துட்டோம். இஞ்சின் வழக்கம்போல மக்கர் பண்ணுச்சு. நாலஞ்சு வாட்டி செல்ஃப் அடிச்சேன். ஜிபிஎஸ் அணையவேயில்லண்ணே. கோடு கிட்ட வந்ததும் கூவுச்சு, திருப்பிட்டேன். எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம்ணே."

முன்பாதிக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டேன். மருமகள் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் ஏசிகூட நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கரையில் மற்ற படகுக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். மகன் வழவழப்பான தாளில் ஒரு நோட்டீஸ் அடித்தான். 'எங்கள் ஆராய்ச்சிக் குழு கடல் சூழலில் சோதித்து உருவாக்கிய பேட்டரி' என்று போட்டிருந்தது. கீழே ஜிபிஎஸ் படம். அது எந்தக் கடல் சூழல் என்று எனக்குத் தெரியும். திரையின் மேல் தென்னங்கீற்று நிழல் விழுந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை வெட்டிவிட்டான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையையும் வெட்டிவிட்டான். அது என் கை.

"டிராக்டர்னு போட்டா யாருங்கப்பா வாங்குவாங்க?" என்கிறான்.

வாங்குகிறவர்களுக்கு வேண்டியது அதுதான் என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. நடுக்கடலில் செல்ஃப் அடிக்கப் போகிறவனுக்கு, முன்னாலேயே ஒருத்தன் அதை அடித்துப் பார்த்திருக்கிறான் என்று தெரிய வேண்டாமா?

நான் நியாயமான ஆள். லித்தியம் எது என்று தேர்ந்தவள் மருமகள். கரை சார்ஜரும் அவள் தேர்வு, நடுவில் வைத்த சின்ன சார்ஜரும் அவள் மூளை. அவள் பெயரைப் பெரிதாகவே போடட்டும். ஆனால் கிணற்றிலிருந்து நேராகக் கடலுக்குப் போயிருக்க வேண்டியதை நிறுத்தி, செல்ஃப் அடித்துப் பார் என்று சொன்னது நான். அடித்ததும் நான். ஆகவே அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் என் பெயர் அதில் ஏற வேண்டும். 'குழு' என்ற சொல்லுக்குள் என்னை அடைக்கக் கூடாது. 'டிராக்டரில் செல்ஃப் அடித்துச் சோதித்தவர்' என்று தனி வரியாக, படிக்கிற அளவு எழுத்தில், வெட்டிய கையைத் திரும்ப ஒட்டிப் போட வேண்டும். அதுவரை முன்பாதிக்கும் பின்பாதிக்கும் பொதுவான மெயின் சுவிட்ச் என் பக்கத்துச் சுவரில்தான் இருக்கிறது என்பதை இரண்டு இன்ஜினியர்களும் யோசித்துக்கொள்ளட்டும்.