பெண் பார்க்க வந்த அன்று ஓடிய கியூபா ரெக்கார்டு

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சினிமாப் பாட்டு, எங்கள் வீட்டில் மட்டும் கியூபா. காரணம் அத்தை. அப்பாவின் தங்கை. விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிற வேலை. சம்பளம் வந்தால் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவாள். பழைய சாமான் கடைகளைக் கிளறி, மத்தளமும் டிரம்பெட்டும் படம் போட்ட ரெக்கார்டாகப் பார்த்து வாங்கி வருவாள். பொம்மை பிரஷ்ஷால் தூசி தட்டுவாள். வளையாமலிருக்க மேலே கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கனத்த சூளைத் தட்டு ஒன்றை ஏற்றி வைப்பாள்.

அந்தப் பாட்டுக்கு லத்தீன் ஜாஸ் என்று பெயர் என்பது காலேஜில்தான் தெரிந்தது. ஹாஸ்டல் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். சின்ன வயதில் தெரிந்ததெல்லாம், நாலு பேர் ஆளுக்கொரு கதவைத் தட்டுவார்கள், பின்னால் யாரோ கரகரவென்று சுரண்டுவார்கள் என்பதுதான். தேங்காய் துருவுகிறார்கள் என்று முடிவுகட்டி, துருவியும் கையுமாகத் தாளம் போட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன்.

“கியூபா எங்க இருக்குது அத்த?”

“கடலுக்கு அந்தாண்ட. கரும்பு வெளையிற ஊரு.”

“பெண்ணாடம் மாதிரியா?”

“ஆமா. ஆனா அங்க பாட்டு கேட்டா யாரும் வைய மாட்டாங்க.”

பெண்ணாடத்திலிருந்துதான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். கரும்புக் கொல்லை, டிராக்டர், கௌரவமான குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனி வேலையும் கூடாது, ரெக்கார்டுகளும் வரக்கூடாது என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா சரியென்றுவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அவளைப் பிடித்துவிட வேண்டுமே என்று நான் வேண்டாத சாமி இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா வழக்கம்போலக் கேட்டார்: “ஒரு பாட்டு பாடேம்மா.”

“பாட வராதுங்க. ரெக்கார்டு வேணா போடறேன்.”

“போடட்டுமே” என்றார் மாப்பிள்ளை.

எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு மெதுவான பியானோ ரெக்கார்டை நான் காலையிலேயே துடைத்து வைத்திருந்தேன். அத்தை அதை ஒதுக்கிவிட்டு, சித்திரை வெயிலில் அப்பளமாய் நெளிந்து போன டிரம்பெட் ரெக்கார்டை அடியிலிருந்து உருவினாள். பதறிப்போய் அவள் இடுப்பைக் கிள்ளினேன்.

“அத்த, அது கெட்டுப்போனது.”

“கம்முனு இருடி.”

டிரம்பெட் அலறியது. ஊசி ஏறி இறங்கி, சுரண்டுகிற இடத்தில் சிக்கி, அதையே திரும்பத் திரும்பச் சுரண்டியது. அத்தை ஊசியை எடுக்கவில்லை. தலையைக் குனிந்து அடக்கமாக நின்றாள்.

“என்னாம்மா இது, ஒரே எடத்துலயே நிக்கிது?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“எப்பவும் இப்படித்தாங்க. காலையிலயும் போடுவேன், சாயங்காலமும் போடுவேன்.”

ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாக எழுந்தார்கள். பஜ்ஜியைத் தொடக்கூட இல்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அடுப்படியில் முனகினாள்: “போயும் போயும் அதையா எடுப்பா.”

ரெக்கார்டு மாறிப்போனதால் கல்யாணமே போய்விட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் விட்டுப்போன பஜ்ஜிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். பாவம், துக்கத்தை அடக்கத்தான் இப்படித் தின்கிறாள் என்று நினைத்து, என் தட்டையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.